எண்ணூற்றைம்பது சோம்

கப்பல் பெட்டிகளை இரண்டடுக்காய் அடுக்கிய சந்தை.
பிஷ்கெக்கில் பிப்ரவரி.
மூச்சு முன்னால் போகிறது, நான் பின்னால்.
பொம்மைக்காரி குல்பாரா நிறுத்தி வைத்திருக்கிறாள்:
பளபளக்கும் சிவப்பு, கதவு திறக்கும் வெள்ளை,
நீல விளக்கோடு அலறும் போலீஸ் வண்டி.

பையனுக்கு மூன்றரை வயது என்றேன்.
"வேகமாய் ஓடுவதை வாங்காதே," என்றாள்.
"உங்கள் வீட்டில் சுவர் எவ்வளவு தூரம்?"
நாலு எட்டு.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
பதினோரு வருஷமாய் எட்டாம் நம்பர்.
பெயின்டைப் பார்த்து மயங்குகிற ஆளில்லை.
சிவப்பைக் கவிழ்த்து அச்சை நகத்தால் நெருடினேன்:
கம்பளத்து நூல் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்,
படுத்துவிடும்.
வெள்ளையின் கதவுக்கு ஆயுள் ஒரு வாரம்.
போலீஸ் வண்டியின் பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை,
விரல் பட்டதும் வாயைப் பிளக்கிறது.
அதைச் செய்தவன் வீட்டில்
குழந்தை கிடையாது போலும்.

விலை மூவாயிரத்து இருநூறாம்.
என் கையுறைக்குள் தொள்ளாயிரம்.
அதிலும் ஐம்பது பேட்டரிக்கு.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்கு அழ நான் தயாரில்லை.

"மேலே இருக்கிறதே, அது என்ன?"
தூசிக்குள் ஒரு தவளைப் பச்சை.
மொண்ணை மூக்கு.
சுற்றிலும் பனிக்கால பூட்ஸின் அடிபோல்
கறுத்த ரப்பர்.
ரிமோட்டில் இரண்டே பொத்தான்:
ஒன்று முன்னால் போகும்,
மற்றது பின்வாங்கிக்கொண்டே திரும்பும்.
"பார்க்க லட்சணமில்லை. மொத்தம் இரண்டு வந்தது,
ஒன்றை யாரோ தெரியாமல் வாங்கிப் போனார்கள்."

அங்கிருந்தே கீழே போடு என்றேன்.
ஏணியில் நின்றவள் என்னைப் பார்த்தாள்.
"போடு."

உறைந்த தரையில் இரண்டு குட்டிக்கரணம்.
சக்கரத்தில் விழுந்தது.
அழுத்தினேன்.
கறிக்கடைக்காரரின் காலிடுக்கில் புகுந்து
சாக்கடைப் பனியில் ஏறி இறங்கி
நின்றது.

எண்ணூற்றைம்பது.

அக்ஜோல் ரிமோட்டைத் தொடவே இல்லை.
வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு
வாயால் உறுமினான், இரண்டு நாள்.
பணம் கொடுத்தது எதற்கு என்று
நான் பல்லைக் கடித்தேன், இரண்டு நாள்.
மூன்றாம் நாள் பொத்தானைக் கண்டுபிடித்தான்.
அலமாரி, அடுப்பு, என் கணுக்கால்.

அன்றிரவு சுவிட்சை அணைக்க மறந்தேன்.
இருட்டில் விர்ரென்றது.
இரண்டு சாண் நகர்ந்து நின்று
என்னவோ யோசித்து,
மறுபடி.
ரிமோட் மேசைமேல் என் கண்ணெதிரே கிடக்கிறது.
எனக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது.
அவன் எழுந்து உட்கார்ந்து
"அதுக்குத் தூக்கம் வரல" என்றான்,
பக்கத்துக் கட்டில்காரனைச் சொல்வதுபோல.

மறுநாள் படிக்கட்டில் மேல்வீட்டுச் சைகால்.
கக்கத்தில் அதே தவளைப் பச்சை.
மலிவு வண்டிக்கெல்லாம் ஒரே அலைவரிசை!
அவள் அங்கே அழுத்தினால் இங்கே கிளம்புகிறது.
அவள் அம்மா பெர்மெத்தோடு
குளியலறை ஒழுகிய அக்டோபரிலிருந்து எனக்குப் பேச்சில்லை.
இரண்டு பேரும் குனிந்து
வண்டிகளைப் பார்த்தோம்.
"எவ்வளவுக்கு?" என்றாள்.
சொன்னேன்.
"எனக்குத் தொள்ளாயிரம் சொன்னாள்" என்று
பெருமூச்சு விட்டாள்.
அதுதான் முதல் பேச்சு.

குல்பாராவிடம் போனால் மாற்றித் தருவாள்.
போகவில்லை.

என் பஸ்ஸின் கொம்பு கம்பியைவிட்டு நழுவினால்
நடுரோட்டில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து
மாட்டிவிட்டால்தான் நகரும்.
எத்தனை ஹாரன், எத்தனை வசவு.
இது கான்கிரீட்டைத் தாண்டி
ஒன்றுமே இல்லாமல் வருகிறது.

எட்டரைக்கு அக்ஜோல் வண்டியை
கம்பளத்தின் நடுவில் வைக்கிறான்,
சுவிட்சைத் தட்டிவிட்டு
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான்.
தன் ரிமோட்டை எடுப்பதில்லை.

இன்று எட்டு நாற்பதாகிவிட்டது.
மேலே இன்னும்
சூப்பைக் குடித்து முடிக்கவில்லை போலிருக்கிறது.